எந்தப் பக்கம் வலி?



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கோப்பில் சேர்க்காமல் மேசைமேலேயே வைத்திருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். இரண்டு பக்கமும் எழுத்து, ஓரத்திலும் எழுத்து.

அவருடைய கணவர் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறார். சித்திரை மாதத்தில் ஒரு நடுராத்திரி விலாவில் வலி பிடித்துத் தரையில் புரண்டிருக்கிறார். விடிந்ததும் ஊரில் உள்ள ஒரு ஸ்கேன் சென்டரில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். அரைமணி நேரத்தில் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டிருந்த டாக்டர் வெளியூர்க்காரர். கல் இல்லை என்று அதில் எழுதியிருந்ததாம். வலியோ விடவில்லை. நான்காம் நாள் திருநெல்வேலிக்குப் போய் வயிற்று ஸ்கேன் எடுத்ததில் ஆறு மில்லிமீட்டரில் ஒரு கல் இருந்தது.

"மூஞ்சியப் பாக்காம, வயித்தத் தொட்டுப் பாக்காம, எங்கயோ உக்காந்துக்கிட்டுப் படத்தப் பாத்து எழுதுனா இப்படித்தான் ஆகும். இதப் பத்தி நீங்க எழுதணும்" என்று முடித்திருந்தார்.

எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கும் கோபம் வந்திருந்தது. தலைப்புகூட வைத்துவிட்டேன், அதை இங்கே சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், தெரிந்தவர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று என் கல்லூரி நண்பரின் மகளை அழைத்தேன். அவள் கதிரியல் மருத்துவர். சென்னையில் தன் வீட்டிலிருந்தபடியே ராத்திரி வேளைகளில் ஏழெட்டு ஊர்களிலிருந்து வரும் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுகிறாள். கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "ரிப்போர்ட்ல என்ன வார்த்தை இருந்துச்சு மாமா? அப்படியே சொல்லுங்க."

அந்த வாசகிக்குப் போன் போட்டேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ரிப்போர்ட்டை எடுத்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன். 'நோ ரேடியோ ஒபேக் கால்குலஸ் சீன்.' அவ்வளவுதான் இருந்தது.

நண்பர் மகள் சிரிக்கவில்லை. "கல் இல்லைன்னு அதுல சொல்லவே இல்லையே மாமா. எக்ஸ்ரேயில தெரியுற மாதிரியான கல் எதுவும் கண்ணுல படலைன்னுதான் சொல்லியிருக்காங்க. ரெண்டும் வேற வேற. நீங்க ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்."

போனேன். இந்த மாத ஆசிரியர் பக்கம் அந்த ராத்திரியைப் பற்றியது.

சின்ன அறை. ஜன்னலுக்குக் கனத்த திரை. மேசையில் நெட்டுக்குத்தாக நிற்கும் இரண்டு திரைகள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையைவிட வெளிச்சமானவை, சாம்பல் நிறத்தின் சாயல்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே அளவு பார்த்துச் சரிசெய்யப்பட்டவை. ஒரு பக்கம் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன படம். பெயர் இருந்த பத்தியை எனக்காக மறைத்துவிட்டாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் வகுப்பு எடுத்தாள். எக்ஸ்ரே என்பது நிழல்தான். கதிர் எதில் தடுக்கப்படுகிறதோ அது வெள்ளையாகத் தெரியும். எலும்பில் கால்சியம் இருக்கிறது, அதனால் வெள்ளை. நம்மில் பெரும்பாலோருக்கு வரும் சிறுநீரகக் கல்லும் கால்சியம் ஆக்சலேட்தான், அதனால் அதுவும் வெள்ளை. ஆனால் யூரிக் அமிலத்தால் ஆன கல் என்று ஒரு வகை உண்டு. ஏறக்குறையப் பத்தில் ஒன்று அப்படி இருக்கும் என்கிறார்கள். அதில் கால்சியம் கிடையாது. கரியும் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான், கிட்டத்தட்ட நம் சதையைப் போலவே. கதிர் அதைக் கல்லென்று மதிக்காமல் ஊடுருவிப் போய்விடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் சரி, பாரிசில் உட்கார்ந்து பார்த்தாலும் சரி, எக்ஸ்ரேயில் அது தெரியாது. ஒலி அலையால் பார்க்கும் வயிற்று ஸ்கேனில் தெரியும். சி.டி. ஸ்கேனிலும் தெரியும்.

சாதாரண எக்ஸ்ரேயின் கண் இந்த விஷயத்தில் கொஞ்சம் மங்கல்தான். இருக்கும் கற்களில் ஏறக்குறைய பாதியிலிருந்து முக்கால் பங்கு வரைதான் அதில் பிடிபடும். சி.டி.யில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். அப்படியானால் எல்லோருக்கும் சி.டி. எடுத்துவிடலாமே என்றேன். "காசு யாரு மாமா கொடுக்குறது? சி.டி.யில கதிர் அளவும் எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. அதோட, அந்த ஊர்ல சி.டி. மெஷின் இருக்கணுமே" என்றாள். கல் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு, அது நகர்ந்திருக்கிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க எக்ஸ்ரே இன்றும் கைகொடுக்கிறது.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு படம் வந்து விழுந்தது. நாற்பத்தைந்து வயது ஆண். வயிற்றுப் படம், அவர்கள் பாஷையில் 'கே.யு.பி.' சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றும் ஒரே படத்துக்குள் அடங்க வேண்டும். மேலே உதரவிதானத்துக்குக் கீழிருந்து தொடங்கி, கீழே இடுப்பெலும்பின் முன்பக்க மூட்டு வரைக்கும். உயரமான ஆளாக இருந்தால் ஒரே பிலிமில் அடங்காது. கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டால், பைக்குள் இறங்கப் போகிற கல் படத்துக்கு வெளியே நின்றுவிடும்.

எனக்கே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. வலது பக்கம், இடுப்புக் குழிக்குள், மிளகு அளவுக்கு. "இதோ கல்!" என்றேன், நானே கண்டுபிடித்த பெருமையில்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. புள்ளியைப் பெரிதாக்கினாள். நல்ல உருண்டை. நடுவில் ஊசி முனையளவுக்கு ஒரு கறுப்பு. "இது ரத்தக் குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சதா இருக்கலாம் மாமா. நாப்பது வயசுக்கு மேல நிறைய பேருக்கு இருக்கும், அதனால ஒரு தொந்தரவும் இல்ல." ஆர்டர் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். 'வயிற்று வலி' என்று மட்டும் இருந்தது. போனை எடுத்தாள்.

"தம்பி, இந்த நாப்பத்தஞ்சு வயசுக்காரருக்கு எந்தப் பக்கம் வலி?"

"லெப்ட் சைடு மேடம். நேத்து ராத்திரியிலேர்ந்து. தொடை வரைக்கும் இழுக்குதுங்கிறார்."

"ரத்தமாப் போச்சா?"

"கலங்கலா போச்சாம் மேடம்."

வலது பக்கப் புள்ளியை விட்டாள். இடது பக்கம் வந்தாள். முதுகெலும்பின் இருபுறமும் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புகள் இருக்கின்றனவே, அவற்றின் நுனியை ஒட்டித்தான் சிறுநீர்க்குழாய் இறங்குகிறது. மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் சிறகுநுனியில் வந்து நின்றாள். எனக்கு எலும்பு மட்டும்தான் தெரிந்தது. மவுசை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுத்தாள். படம் முழுவதும் கறுத்தது, பிறகு எலும்பின் வெள்ளை மட்டும் தணிந்தது, அந்த வெள்ளைக்குள்ளிருந்து இன்னொரு வெள்ளை தனியாகப் பிரிந்து வந்தது. அரிசிக் குருணை மாதிரி நீள்வட்டமாக. அளவுகோலை வைத்தாள்: ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

"அந்தத் தம்பி பக்கத்தைச் சொல்லலைன்னா, நான் இங்க இவ்வளவு நேரம் நின்னிருக்க மாட்டேன்" என்றாள். 'இடது சிறுநீர்க்குழாயில் கல்லாக இருக்கலாம், ஸ்கேனோடு ஒப்பிட்டு உறுதி செய்க' என்ற பொருளில் நான்கு வரி எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். மொத்தம் ஏழு நிமிடம் ஆகியிருக்கும்.

நான் அந்தத் தம்பியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே எடுப்பவரை நாம் 'டெக்னீஷியன்' என்று ஒரு சொல்லில் கடந்துவிடுகிறோம். வலியில் துடிப்பவரை நிமிர்த்திப் படுக்க வைத்து, "மூச்சை வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லி, அந்த இரண்டு விநாடி அவர் அசையாமல் பார்த்துக்கொள்பவர் அவர்தான். இடது வலது மாறிப் போகாமல் ஓரத்தில் ஈய எழுத்தை வைப்பவரும் அவர்தான். தொலைவில் இருக்கும் டாக்டருக்குக் கை, காது, மூக்கு எல்லாம் இந்த மனிதர். அவர் கேட்டு எழுதாத கேள்வி எவ்வளவு விலையுயர்ந்த திரையிலும் தெரிவதில்லை.

எக்ஸ்ரேயில் கல் பார்க்கும் இந்த வித்தை நேற்று வந்ததும் அல்ல. இயற்பியலாளர் ரான்ட்கன் 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வுர்ஸ்பர்க்கில் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜான் மெக்கின்டயர் என்ற மருத்துவர் உயிரோடிருக்கும் ஒருவரின் சிறுநீரகக் கல்லைப் படமெடுத்துவிட்டார். அதற்கு முன்பு சிறுநீர்ப்பையில் இருக்கும் கல்லையாவது உலோகக் கம்பியை உள்ளே விட்டு 'டிக்' என்று தட்டுகிறதா என்று பார்ப்பார்கள் (படிக்கும்போதே எனக்குக் கூசுகிறது). சிறுநீரகத்துக்குள் இருந்தால் ஊகம்தான். சென்னையில் பார்னார்டு கதிரியல் நிறுவனம் 1934-இல் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்; நாம் இதில் பின்தங்கி நின்றவர்கள் இல்லை.

படத்தை அனுப்பும் கதை என் தொழிலோடு சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் சந்தோஷமாகவே சொல்கிறேன். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கெர்ஷான் கோஹென் என்ற கதிரியல் மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் 1940-களின் பிற்பகுதியில், வெஸ்ட் செஸ்டர் என்ற ஊரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்குச் சாதாரண டெலிபோன் கம்பி வழியாக எக்ஸ்ரே படங்களை வரவழைத்துப் படித்தார்கள். பத்திரிகைகள் கம்பி வழியே செய்திப் படங்களை வாங்கிக்கொண்டிருந்த அதே உத்தி. ஓட்டப் பந்தய வீரனின் படம் வந்த பாதையில் ஒருவரின் விலா எலும்பும் வந்தது. அதற்கு 'டெலோக்னோசிஸ்' என்று பெயரெல்லாம் வைத்து 1950-இல் எழுதினார்கள். பெயர் நிற்கவில்லை, வேலை நின்றது.

நம் பக்கத்தில் 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தின் மருத்துவமனையைச் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையோடு இணைத்தது அப்பல்லோ மருத்துவமனை; இந்தியா வந்திருந்த அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் அதைத் தொடங்கிவைத்தார். இரண்டே ஆண்டுகளில் பெங்களூரில் தொடங்கிய ஒரு நிறுவனம், அமெரிக்க மருத்துவமனைகளில் நடுராத்திரி எடுத்த படங்களை நம் பகல் வெளிச்சத்தில் படித்து அனுப்ப ஆரம்பித்தது. அங்கே டாக்டர் தூங்கும் நேரம் இங்கே டாக்டர் காபி குடித்துத் தெளிந்திருக்கும் நேரம் என்பதில்தான் அந்த வியாபாரமே நிற்கிறது. ஆக, முகம் பார்க்காமல் எழுதுவது ஏழைக்கென்று ஒதுக்கிய இரண்டாந்தரச் சரக்கு அல்ல. பாஸ்டன்காரருக்கும் அதே கதைதான். வாசகிக்கு இதை முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் இப்போது நாம் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டும். எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் படமெடுத்து, சித்தப்பா மகனுக்குத் தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். நண்பர் மகள் அதை எனக்குச் செய்து காட்டினாள். சற்று முன் பார்த்த அதே படத்தைத் திரையிலிருந்தே என் போனில் எடுக்கச் சொல்லி, தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். (பார்த்த கையோடு இரண்டு போனிலும் அழிக்க வைத்துவிட்டாள்.) வலது பக்கத்து மிளகு பளிச்சென்று இருந்தது. இடது பக்கத்துக் குருணையைக் காணவே காணோம். எலும்போடு எலும்பாகக் கரைந்துபோயிருந்தது. அதாவது, தொல்லை தராத புள்ளி வந்து சேர்ந்துவிட்டது. ஆளைப் புரட்டிப்போட்ட கல் வழியில் தொலைந்துவிட்டது.

காரணம் எளிது. எக்ஸ்ரே கருவி எழுதும் மூலக் கோப்பில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருக்கும். கண்ணால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது என்பதால்தான் அவள் மவுசை இழுத்து, எந்தப் படிகள் வேண்டுமோ அவற்றை மட்டும் விரித்துப் பார்த்தாள். போன் படத்தில் இருப்பவை 256. அனுப்பும்போது அதையும் செயலி நசுக்குகிறது. நசுங்கிய படத்தில் எந்த மவுசை இழுத்தாலும் இல்லாததை வரவழைக்க முடியாது. இன்னொன்று, மூலக் கோப்பில் ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்பதும் பதிவாகியிருக்கும். டைகாம் என்ற பொது முறை 1993-இல் வந்ததிலிருந்து எந்தக் கம்பெனி கருவியாக இருந்தாலும் இந்த விவரங்களை ஒரே மாதிரி எழுதிவைக்கிறது. போன் படத்தில் அளவு கிடையாது. கல் விஷயத்தில் அளவுதான் பாதி முடிவு. ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், வலிக்கு மருந்து கொடுத்துக் காத்திருப்பார்கள். பத்தைத் தாண்டினால் பேச்சே வேறு.

அதனால் ஸ்கேன் சென்டரில் பிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். குறுந்தகட்டிலோ இணைப்பாகவோ மூலக் கோப்பைக் கேளுங்கள். பழைய படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். போன வருஷமே இருந்த புள்ளி என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் வலி, எத்தனை நாளாக, முன்பு கல் வந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரே எடுக்கும் தம்பியிடம் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றை மட்டும் நண்பர் மகள் மறக்காமல் எழுதச் சொன்னாள். விலா வலியோடு குளிர்க்காய்ச்சலும் வந்தாலோ, சிறுநீரே இறங்காமல் நின்றாலோ, எந்த ஊர் ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் நேரம் மணிக்கணக்கில்தான். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

வாழைத்தண்டு பற்றிக் கேட்காமல் இருப்பேனா? கல்லடைப்பு என்று சித்த மருத்துவம் இதற்கு நல்ல பெயர் வைத்திருக்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையையும் நெருஞ்சிலையும் அதற்குச் சொல்லுவார்கள். என் பாட்டி வாழைத்தண்டுச் சாற்றோடு நிறுத்திக்கொள்வாள். "குடிக்கட்டும் மாமா, அதோட தண்ணியும் போகுதில்ல" என்று நண்பர் மகள் நழுவிவிட்டாள். நாள் ஒன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதில் மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. தறிக்கூடத்தின் வெக்கையில் எட்டு மணி நேரம் வியர்த்து, நூல் அறுந்துவிடும் என்று தறியை விட்டு நகராமல் நிற்பவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தறி முதலாளிகள் யாரேனும் இந்தப் பக்கத்தைப் படித்தால், கூடத்துக்குள்ளேயே ஒரு பானை வைக்கலாம்.

நான் வாசகிக்கு மறுபடியும் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. "அப்ப எக்ஸ்ரேயில தெரியாட்டி ஸ்கேன் பாருங்கன்னு தமிழ்ல ஒரு வரி எழுதியிருக்கலாம்லா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நண்பர் மகளிடம் அப்படியே கடத்தினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எழுதியிருக்கலாம்தான் மாமா" என்றாள். இப்போது தன் ரிப்போர்ட்டுகளில் அந்த ஒரு வரியைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறாளாம்.

போன வாரம் அந்த வாசகியிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. கல் இறங்கிவிட்டது. மாத்திரை டப்பா மூடியில் பஞ்சு வைத்து, அதன்மேல் மஞ்சளும் காவியுமாக ஒரு துண்டு. அதைச் சாமி அலமாரியில் வைக்காமல் டாக்டரிடம் கொடுத்து என்ன வகைக் கல் என்று சோதிக்கச் சொல்லுங்கள், யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் மறுபடி வந்தாலும் மாத்திரையிலேயே கரைக்க வாய்ப்புண்டு என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். அளவு தெரிய வேண்டும் என்று கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நெல்மணியை வைத்திருந்தார். படத்துக்குக் கீழே, நான் கேட்காமலேயே எழுதியிருந்தார்: 'இடது பக்கம்.'

அன்புடன்,
ஆசிரியர்